பழைய மாணவரின் பணம் எந்தக் கணக்கில் சேர வேண்டும்?

1848-ஆம் ஆண்டின் புரட்சி அரசு வகுத்த லிபெர்த்தா சாலை, 1891-92 தேசியக் கண்காட்சிக்குப் பிறகு பலேர்மோவின் வசதி படைத்த குடும்பங்களுடைய முகவரி ஆயிற்று. இன்றும் வக்கீல்களும் மருத்துவர்களும் தொழிலதிபர்களும் குடியிருக்கும் பகுதி அது. சலேசிய சபையின் தொன் போஸ்கோ ரங்கிபிலே பள்ளி அந்தச் சாலையிலேயே இருக்கிறது. இயேசு சபையின் கொன்சாகா பள்ளி சற்றுத் தள்ளி இருக்கிறது. இரண்டும் கட்டணம் வாங்கும் கத்தோலிக்கப் பள்ளிகள். இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் படித்துத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஒருவர், தம்மை ஆளாக்கிய பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் என்ன செய்வார்? உலகெங்கும் அவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு கட்டடம், ஒரு அரங்கு, ஒரு ஆய்வுக்கூடம், அதன் வாசலில் ஒரு கல்வெட்டு. அந்த நன்றியுணர்வை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பட்ட கடனை அடைப்பதாகாது என்பதே என் வாதம். கட்டணம் கட்ட இயலாத ஒரு பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் ஓர் இடம் நிலையாகக் கிடைக்கும்போதுதான் கடன் அடைகிறது. இதற்கான சான்றுகளில் முக்கியமானவை பலேர்மோவின் வரலாற்றிலேயே கிடைக்கின்றன.

முதலில் அந்தக் கடன் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். இயேசு சபையின் பள்ளிகள் தொடங்கியபோது கல்வி இலவசம். சபையின் விதிகள் கற்பிப்பதற்குக் கூலி வாங்குவதைத் தடுத்தன. ஆகவே ஒரு கல்லூரி திறக்க வேண்டுமென்றால், நிலமோ வருவாயோ எழுதிவைக்கும் ஒரு நிறுவனக் கொடையாளர் முதலில் கிடைக்க வேண்டும். மாணவரிடம் வாங்காத பணத்தை எங்கோ ஒருவர் முன்கூட்டியே கட்டியிருந்தார் என்பதுதான் ஏற்பாடு. அப்படிக் கொடுத்தவருக்குச் சபை எதைத் திருப்பித் தந்தது என்பதையும் விதிகளின் நான்காம் பகுதி சொல்கிறது: அவருக்காகத் திருப்பலிகள், வேண்டுதல்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மெழுகுவர்த்தி. அந்த மெழுகுவர்த்தி நன்றியின் அடையாளம் மட்டுமே. கொடுத்தவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ கல்லூரியின் மீதோ அதன் சொத்தின் மீதோ எந்த உரிமையும் கிடையாது என்று விதி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. கொடையாளரை மதித்துக்கொண்டே தள்ளி நிறுத்தும் இந்த ஏற்பாடு பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. இன்றைய பள்ளி நிர்வாகங்கள் நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

சிசிலியில் அந்த ஏற்பாடு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. சபைக்கு வெளியே உள்ள மாணவர்களுக்கென இயேசு சபையினர் நடத்திய முதல் கல்லூரி 1548-இல் மெசினாவில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பலேர்மோவில் ஒன்று. அரசப்பிரதிநிதி ஹுவான் தெ வேகாவின் ஆதரவும் நகர ஆட்சியின் ஆதரவும் அதற்கு இருந்தன. 1586-இல் நகரின் பழைய பெருந்தெருவான கஸ்ஸரோவில் மாபெரும் கல்லூரிக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியது. இரண்டு நூற்றாண்டு கழியுமுன் எல்லாம் தலைகீழானது. 1767-இல் இயேசு சபை சிசிலியிலிருந்து துரத்தப்பட்டது; சொத்துகள் பறிமுதலாயின; கட்டடத்தின் ஒரு பகுதியில் 1782-இல் அரச நூலகம் திறக்கப்பட்டது. சபை 1805-இல் திரும்பி வந்தது, 1860-இல் கரிபால்டியின் ஆட்சி மறுபடியும் வெளியேற்றியது. 1866-ஆம் ஆண்டுச் சட்டம் மடங்களையும் துறவற சபைகளையும் பொதுவாகவே கலைத்து அவற்றின் உடைமைகளை அரசுடைமை ஆக்கியது. கஸ்ஸரோவின் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது: ஒரு புறம் சிசிலிப் பிராந்தியத்தின் மைய நூலகம், மறுபுறம் வித்தோரியோ எமானுவேலே அரசு உயர்நிலைப் பள்ளி. கட்டடம் பிழைத்தது, அதன் உள்ளே கட்டணமில்லாமல் படிக்க வைத்த வருவாய்தான் போயிற்று. பின்னாளில் கத்தோலிக்க சபைகள் புதிதாகப் பள்ளிகள் திறந்தபோது அவற்றைத் தாங்க நிலமும் இல்லை, அறக்கட்டளையும் இல்லை. பெற்றோர் கட்டும் பணம் மட்டுமே வழி. கட்டணம் கட்டக்கூடிய பெற்றோர் லிபெர்த்தாவில் இருந்தார்கள். லிபெர்த்தாவின் கத்தோலிக்கப் பள்ளிகள் வசதியானவர்களின் பள்ளிகளாக இருப்பதற்கு இந்தப் பறிமுதல்களின் வரலாறே பெரும் காரணம் என்று நான் கருதுகிறேன். சபைகளின் விருப்பம் அதில் சிறு பங்குதான்.

இன்றைய சட்டம் அந்த நிலையை மாற்றவில்லை. இத்தாலிய அரசியலமைப்பின் 33-ஆவது உறுப்பு, தனியார் பள்ளி நடத்தலாம், ஆனால் அரசுக்குச் சுமையில்லாமல் நடத்த வேண்டும் என்கிறது. 2000-ஆம் ஆண்டின் 62-ஆம் எண் சட்டம் தகுதியுள்ள தனியார் பள்ளிகளை அரசுப் பள்ளிகளுக்கு நிகராக ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் சமம், பாடத்திட்டம் சமம், ஆனால் ஆசிரியர் சம்பளம் பள்ளியின் பொறுப்பு. அரசு தரும் உதவித்தொகை உயர்நிலை வகுப்புகளுக்கு மிகச் சிறியது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடாமல் போகலாம். நம் ஊரில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுத்துவிடுகிறது. அதனால் பழைய மாணவர் தரும் பணம் கூரைக்கும் கழிப்பறைக்கும் கணினிக்கும் போவதில் நியாயம் இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அங்கே கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. பலேர்மோவில் கதவே கட்டணம்தான். அங்கே சுவருக்குப் பணம் கொடுப்பது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுப்பது.

மூன்றாவது வகை ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதை யாழ்ப்பாணம் அறியும். 1960-61-இல் இலங்கை அரசு உதவி பெற்ற பள்ளிகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டபோது, சில கத்தோலிக்கப் பள்ளிகள் தனித்தே நிற்பது என்று முடிவு செய்தன. 1850-இல் தொடங்கிய யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி அவற்றில் ஒன்று. தனித்து நிற்கலாம், ஆனால் மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அரசுப் பணமும் இல்லை, கட்டணமும் இல்லை என்ற அந்த இறுக்கமான ஆண்டுகளில் இப்படிப்பட்ட பள்ளிகள் திருச்சபையின் துணையாலும் பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரின் கொடையாலும் நின்றன. பழைய மாணவர் சங்கம் என்பது ஆண்டு விருந்துக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் கூடும் கூட்டம் என்ற நிலையிலிருந்து, சம்பளப் பட்டியலின் ஒரு தூணாகவே மாறியது. வற்புறுத்தலால் வந்ததுதான் என்றாலும், கொடை எங்கே போக வேண்டும் என்பதற்கு அது சரியான முன்மாதிரி: அன்றாடச் செலவுக்கு, ஆசிரியருக்கு, கட்டணம் கட்டாத பிள்ளைக்கு.

அன்றாடச் செலவு என்ற சொல் கொடையாளர்களுக்குப் பிடிப்பதில்லை. செலவழிந்து போகும் பணம் கண்ணில் நிற்பதில்லை. அதைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கூர்மையான சான்று உண்டு. விமான நிலையங்களில் சுங்கமில்லாக் கடைகளை நடத்திய டியூட்டி ஃப்ரீ ஷாப்பர்ஸ் நிறுவனத்தை 1960-இல் ராபர்ட் மில்லருடன் சேர்ந்து தொடங்கியவர் சக் ஃபீனி. நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அதே ஊரின் புனித மரியா விண்ணேற்பு உயர்நிலைப் பள்ளியில் 1949-இல் படிப்பை முடித்தார். தமக்குக் கொடுக்கும் மனம் வந்தது அங்கேதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1982-இல் அவர் நிறுவிய அட்லாண்டிக் அறக்கட்டளை 2020-இல் கதவை மூடும்வரை ஏறத்தாழ 800 கோடி டாலரைக் கொடுத்துத் தீர்த்தது. அதில் ஏறத்தாழ 100 கோடி அவர் கல்லூரிப் படிப்பு படித்த கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு. 2016-இல் தம் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் கொடுத்தது 2,50,000 டாலர். அந்தப் பள்ளியின் வரலாற்றிலேயே தனியொருவர் தந்த மிகப் பெரிய தொகை அது. 2019-இல் பள்ளி மூடப்பட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்து, பற்றாக்குறை வளர்ந்து, நடத்த முடியாமல் போயிற்று.

இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபீனியைக் குற்றவாளி ஆக்குவது எளிது, அது அநியாயமும்கூட. தம் செல்வம் முழுவதையும் உயிரோடிருக்கும்போதே கொடுத்து, கட்டடங்களில் தம் பெயர் வராமல் பார்த்துக்கொண்டு, 2023-இல் மறைந்த மனிதர் அவர். நான் பார்ப்பது அமைப்பை. பல்கலைக்கழகத்துக்குப் போன பணம் பல ஆண்டுகள் தொடர்ந்து, திட்டமிட்டு, உதவித்தொகைகளாகவும் போயிற்று. பள்ளிக்குப் போனது ஒருமுறை. கட்டணத்தில் ஓடும் ஒரு பள்ளிக்கு ஆண்டுதோறும் விழும் பள்ளத்தை ஒருமுறை கொட்டிய மண் நிரப்பாது. நகரத்துப் பெற்றோரால் கட்டணம் கட்ட முடியாமல் போகும்போது முதலில் காலியாவது இருக்கை; இருக்கை காலியானால் ஆசிரியர் போவார்; ஆசிரியர் போனால் கட்டணம் கட்டக்கூடியவர்களும் போவார்கள்.

இனி, அப்படி ஓர் இருக்கையை நிரப்புவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்ற கேள்வி. 1997-இல் பொருளியலாளர் டெரிக் நீல் அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பெருநகரச் சிறுபான்மைக் குடும்பங்களின் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ந்தால் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 62 விழுக்காட்டிலிருந்து 88 விழுக்காடாக உயர்கிறது என்பது அவருடைய கணிப்பு. புறநகர்ப் பிள்ளைகளுக்கோ, நகரத்து வெள்ளையினப் பிள்ளைகளுக்கோ பலன் மிகக் குறைவு. காரணமும் மர்மமில்லை: முதல் வகைப் பிள்ளைகளுக்கு அருகில் கிடைக்கும் மாற்றுப் பள்ளி மோசமாக இருந்தது, மற்றவர்களுக்கு நன்றாகவே இருந்தது. பள்ளி தரும் பயன் அதன் கட்டடத்தில் இல்லை. யார் எங்கிருந்து வந்து அங்கே உட்காருகிறார் என்பதில் இருக்கிறது. லிபெர்த்தாவின் வக்கீல் வீட்டுப் பையனுக்குப் புதிய ஆய்வுக்கூடம் கூட்டித் தருவது கொஞ்சம். அந்தப் பணத்தால் நகரின் மறுபுறத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்குக் கூடுவது பல மடங்காக இருக்கக்கூடும்.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இத்தாலிக்குக் கொண்டுவர முடியாது என்பது நியாயமான தடை. பெர்த்தோலா, கெக்கி, ஒப்பெதிசானோ ஆகிய மூவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தாலியில் தனியார் பள்ளிகள் பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தடுமாறும் வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றும் வேலையைத்தான் செய்கின்றன என்று காட்டியது. அங்கே அரசு உயர்நிலைப் பள்ளிகள், குறிப்பாகச் செவ்வியல் கல்வி தரும் லிச்சேயோக்கள், மதிப்பில் குறைந்தவை அல்ல. இந்த ஆய்வு என் வாதத்தைப் பலவீனப்படுத்துகிறதா என்று யோசித்துப் பார்த்தால், கட்டடக் கொடையின் வாதத்தைத்தான் அது அதிகம் பலவீனப்படுத்துகிறது. பள்ளியால் தன் மாணவர்களுக்குப் பெரிதாகக் கூட்டித்தர முடியவில்லை என்றால், அதே மாணவர்களுக்கே மேலும் வசதி செய்வதில் என்ன பொருள்? ஒழுங்கு, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியர், மாலைவரை திறந்திருக்கும் வளாகம் என்று அந்தப் பள்ளிகளிடம் இருப்பவை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் போய்ச் சேர்ந்தால்தான் அவற்றின் மதிப்பு தெரியும்.

சட்டமோ கொடையாளரை எதிர்த்திசையில் தள்ளுகிறது. 2015-ஆம் ஆண்டின் 107-ஆம் எண் சட்டம் ‘ஸ்கூல் போனஸ்’ என்ற வரிச்சலுகையைக் கொண்டுவந்தது. பள்ளிக்குக் கொடுத்தால், ஆண்டுக்கு 1,00,000 யூரோ வரம்புக்குள், முதல் இரண்டு ஆண்டுகள் கொடுத்ததில் 65 விழுக்காடும் மூன்றாம் ஆண்டில் 50 விழுக்காடும் வரியில் கழிந்தன. எதற்குக் கொடுத்தால்? புதிய பள்ளிக் கட்டடத்துக்கு, பழையதைப் பழுதுபார்க்க, மாணவர்களின் வேலைவாய்ப்புத் திறனை வளர்க்கும் திட்டங்களுக்கு. இன்றும் நடப்பில் உள்ள 19 விழுக்காட்டுச் சலுகையும் தொழில்நுட்பம், கட்டடம், கல்வித் திட்ட விரிவாக்கம் என்றே பட்டியலிடுகிறது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளையின் ஐந்தாண்டுப் படிப்பு இந்தப் பட்டியல்களில் தனி இனமாக இல்லை. கணக்காளர் சொல்லும் அறிவுரை எதுவாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

‘என் பணம், என் பள்ளி, என் விருப்பம், இதில் மற்றவர்களுக்கு என்ன?’ என்று கொடையாளர் கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் 65 விழுக்காடு வரியில் கழிந்த ஒரு லட்சத்தில் அறுபத்தைந்தாயிரம் பொதுக் கருவூலம் விட்டுக்கொடுத்தது. கல்வெட்டில் ஒரு பெயர் இருந்தாலும் பணம் இரண்டு பேருடையது. அரசும் இதை உணர்ந்தே அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல விதியை வைத்திருந்தது: வந்த கொடைகளில் பத்தில் ஒரு பங்கு, தேசியச் சராசரிக்கும் குறைவாகக் கொடை பெற்ற பள்ளிகளுக்குப் போக வேண்டும். லிபெர்த்தாவின் பழைய மாணவர் கொடுத்ததில் ஒரு துளி, பணக்காரப் பழைய மாணவர்களே இல்லாத ஒரு பள்ளியைச் சேர வேண்டியிருந்தது. பத்தில் ஒன்று போதாது என்பேன்; ஆனால் கொள்கை சரி. விருப்பம் என்பதும் முற்றிலும் தூயதல்ல. ஜோனதன் மீர், ஹார்வி ரோசன் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் தங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் வயதை நெருங்க நெருங்க அதிகம் கொடுப்பதையும், பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் கொடை விழுந்துவிடுவதையும் காட்டினார்கள். எல்லோரும் அப்படியல்ல. ஆனாலும் நன்றி என்ற பெயரில் வருவதில் ஒரு பகுதி எதிர்பார்ப்பு என்பது தெரிந்த பிறகு, பள்ளி தன் விதிகளால் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா? மெழுகுவர்த்தி விதி அதற்காகத்தான் இருந்தது.

கட்டடம் நிலைக்கும், உதவித்தொகை கரைந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. லிபெர்த்தாவில் வாழ்பவர்களுக்குக் கட்டடங்கள் நிலைப்பதில்லை என்பது தெரியும். எர்னெஸ்தோ பசிலே வடிவமைத்த தெலியெல்லா மாளிகை அந்தச் சாலையோரக் குரோச்சி சதுக்கத்தில் நின்றது. 1959 நவம்பர் இறுதியில் அதை இடிக்கத் தொடங்கினார்கள், பிறகு பல பத்தாண்டுகள் அந்த இடம் வண்டி நிறுத்துமிடமாகக் கிடந்தது. மாஃபியாவும் நகர ஆட்சியும் கட்டட வியாபாரிகளும் கைகோத்த அந்தக் காலத்தில் அப்படிப் போனவை பல. மறுபுறம், உதவித்தொகை கரைய வேண்டிய அவசியமில்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக் கட்டணம் 5,000 யூரோ என்று வைத்துக்கொண்டால், உயர்நிலையின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு பிள்ளைக்கு 25,000 யூரோ. முதலைத் தொடாமல் 3 விழுக்காடு வருவாயில் அந்த இடத்தை நிரந்தரமாக வைத்திருக்க ஏறத்தாழ 1,67,000 யூரோ வேண்டும். பத்து லட்சம் யூரோவுக்கு ஒரு விளையாட்டு அரங்கு எழும்பலாம். அதே பணத்தில் ஆறு இருக்கைகள் என்றென்றும் நிரம்பியிருக்கும், ஐம்பது ஆண்டுகளில் அறுபது பிள்ளைகள் படித்து வெளியே போவார்கள். விலைவாசி ஏறும்போது முதலும் வளர வேண்டும் என்பது உண்மை. அரங்கின் கூரையும் ஒழுகத்தான் செய்யும். அதைப் பராமரிக்கும் செலவைக் கொடையாளர் யாரும் எழுதிவைப்பதில்லை, அது மறுபடியும் கட்டணத்தில் ஏறுகிறது. நிலநடுக்கப் பகுதியான சிசிலியில் பாதுகாப்புக்கான கட்டட வேலை தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுவர் விழும் நிலையில் இருந்தால் முதலில் சுவர்தான். நான் பேசுவது சுவர் உறுதியாக இருக்கும் பள்ளியைப் பற்றி.

அப்படியானால் எதற்குக் கத்தோலிக்கப் பள்ளி, நேரே அரசுப் பள்ளிக்கே கொடுக்கலாமே என்று கேட்பவர்களின் கேள்விதான் என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. ஹெச்.சி.எல். நிறுவனர் சிவ நாடார் திருச்சி புனித வளனார் பள்ளியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபை தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்வி மரபு அது. அவருடைய பெருங்கொடை அந்த வளாகத்தைச் சுற்றி வரவில்லை. 1996-இல் தந்தையின் பெயரால் சென்னையை அடுத்து ஒரு பொறியியல் கல்லூரி. 2009 முதல் உத்தரப் பிரதேசத்தில் வித்யாஞான் என்ற இலவச விடுதிப் பள்ளிகள். கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமையானவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, உணவும் உறைவிடமும் கொடுத்துப் படிக்க வைக்கும் திட்டம் அது. பள்ளி மாறியிருக்கிறது, மாநிலம் மாறியிருக்கிறது. கடன் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்காமல், தேவை இருக்கும் இடத்தில் கொடுத்திருக்கிறார். அது நன்றி மறந்ததாகாது என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் அரசுப் பள்ளிகளுக்கான கொடையை ஒரு பொது அமைப்பின் வழியே கொண்டுவர முயல்கிறது. ஆகவே, தாம் படித்த பள்ளிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பள்ளி மீதுள்ள பாசம்தான் பலருடைய பணப்பையைத் திறக்கிறது. பொதுக் காரணங்களுக்குத் திறக்காத பையும் பழைய வகுப்பறைக்குத் திறக்கும். அந்தப் பாசத்தை வீணாக்காமல், அது தேவையிருப்பவர்களைச் சேரும்படி வாய்க்கால் வெட்டுவதே பள்ளியின் கடமை.

பலேர்மோவில் பணத்தைப் பற்றிப் பேசும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. அருட்தந்தை பீனோ புலீசி, முன்பு இயேசு சபையினருடையதாக இருந்த அந்தக் கட்டடத்தில் இயங்கும் வித்தோரியோ எமானுவேலே பள்ளியில் 1978 முதல் மறைக்கல்வி கற்பித்தார். அதோடு 1990 முதல் நகரின் கிழக்கே, மாஃபியாவின் பிடியில் இருந்த பிரங்காச்சோவின் பங்குத்தந்தை. அங்கே ஒரு நடுநிலைப் பள்ளிகூட இல்லை. பள்ளி கேட்டு அவர் அதிகாரிகளின் கதவுகளைத் தட்டினார். அதே வேளையில் கோயில் வேலைக்கு மாஃபியா பரிந்துரைத்த ஒப்பந்தக்காரரை மறுத்தார். திருவிழாவுக்கு அவர்கள் நீட்டிய பணத்தையும் மறுத்தார். 1993 செப்டம்பர் 15, அவருடைய பிறந்தநாளில், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கேட்ட பள்ளி 2000-இல் திறந்தது. பணம் மிகவும் தேவைப்பட்ட இடத்தில் நின்று பணத்தை மறுத்த அந்தக் குருவானவர் ஒரு அளவுகோலை விட்டுச்சென்றிருக்கிறார்: பணம் வாங்கினால் கொடுத்தவருக்கு ஊரில் மரியாதை கூடும், அந்த மரியாதையைக் கொண்டு அவர் என்ன செய்வார் என்று பார்த்து வாங்கு. கொடையாளர் பெயரைச் சுவரில் பொறிக்கும் வழக்கத்தைத் தயக்கத்தோடு அணுக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது.

பெயர் விஷயத்தில் நம் ஊரும் சளைத்ததல்ல. குழல்விளக்கின் வெளிச்சமே மங்கும் அளவுக்கு அதன்மேல் ‘உபயம்’ எழுதுகிறோம். ஆண்டு விழா மேடையில் உதவி பெறும் பிள்ளையை நிறுத்தி, பொன்னாடை போர்த்திய கொடையாளர் கையால் உறையை வாங்க வைத்துப் படம் எடுக்கிறோம். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்புக்குப் போகும்போது எல்லோருக்கும் அவன் யார் என்று தெரிந்திருக்கும். பணக்காரப் பள்ளியில் ஏழைப் பிள்ளையைச் சேர்ப்பது அவனைக் காட்சிப்பொருள் ஆக்கும் என்ற அச்சம் இதனால் வருவது, அது வீணான அச்சமல்ல. கட்டணத்தை மட்டும் தள்ளிவிட்டுச் சுற்றுலாவுக்கும் சீருடைக்கும் மதிய உணவுக்கும் அவனைத் தவிக்க விட்டால் நல்லெண்ணம் கொடுமையாகிவிடும். இதற்கு வழி உண்டு: யாருக்கு உதவி என்பது அலுவலகத்தில் இருவரைத் தவிர எவருக்கும் தெரியக் கூடாது, கொடுத்தவருக்கும்கூடத் தெரியக் கூடாது. ஒரே ஒரு பிள்ளையாக இல்லாமல், வகுப்புக்கு நாலைந்து பேராக இருக்க வேண்டும். தம் கொடையை வெளியே சொல்லக் கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்கே நிபந்தனை போட்ட ஃபீனியால் முடிந்தது மற்றவர்களாலும் முடியும்.

பலேர்மோவில் அந்த நாலைந்து பேரில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். 1980-கள் முதல் ஈழத்திலிருந்து, பெரும்பாலும் வடக்கிலிருந்து, வந்து சேர்ந்த குடும்பங்கள் அந்நகரில் வேரூன்றியிருக்கின்றன. ஞாயிறுகளில் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்காகப் பெல்லெக்ரினோ மலை ஏறும் தமிழரில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. அவர்களில் பலர் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு என்று உழைப்பது லிபெர்த்தா போன்ற வசதியான பகுதிகளின் வீடுகளில். தாய் வேலை செய்யும் வீட்டுப் பையன் ரங்கிபிலேவுக்கோ கொன்சாகாவுக்கோ போகக்கூடும். அவளுடைய மகள் போவது அரிது. பழைய நகரின் பல்லரோ சந்தைக்கு அருகே, சாந்தா கியாராவில், அதே சலேசிய சபை புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்காக மாலை வகுப்பும் விளையாட்டும் நடத்துகிறது. ஒரே சபை, ஒரே நகரம், இரண்டு வாசல்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பழைய மாணவரின் பணத்தால் குறைக்க முடியும். வரலாறும் இதைக் கேட்கிறது: 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து இந்தியாவில் பணி தொடங்கிய சலேசியர்கள் இத்தாலியிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் இத்தாலியப் பங்குகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த காணிக்கை இருந்தது. தமிழ்நாட்டில் சலேசியப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்காக யாரோ பணம் கட்டினார்கள். கட்டியவர்கள் தங்கள் சொந்தப் பள்ளிக்காகக் கட்டவில்லை.

லிபெர்த்தாவின் பள்ளிகளிடமிருந்து இப்போதைக்கு எதிர்பார்க்கக்கூடியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கொடையாளர் கட்டடம் என்று வந்தால், அதே அளவு தொகையை இருக்கை நிதிக்கும் வைக்கச் சொல்லலாம். நிதியைப் பள்ளி நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஒரு குழு கையாளலாம். அதில் கொடையாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ இடம் வேண்டாம். வருவாயில் பத்தில் ஒரு பங்கு பிரங்காச்சோ, பல்லரோ போன்ற பகுதிகளின் அரசுப் பள்ளிகளுக்குப் போகலாம், 2015-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய வழியில். சலுகை பெறும் நோக்கங்களின் பட்டியலில் ‘கட்டணம் கட்ட இயலாத மாணவர்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி பள்ளிகள் ஒன்றுசேர்ந்து இத்தாலிய அரசைக் கேட்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளி திறக்கும்போது, மொத்த மாணவர் எத்தனை பேர், அவர்களில் கட்டணமில்லாமல் படிப்பவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் பள்ளிகள் பெயர்களில்லாமல் வெளியிடட்டும். பழைய மாணவர் காசோலையில் கையெழுத்திடுமுன் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்கட்டும்.